என் சாமை எனக்கே வரணும்

“உள்ள போனது என் சாமை. வெளிய வர்றதும் என் சாமைதானா தம்பி?”

2019 பிப்ரவரி. கொல்லிமலையில், செம்மேட்டிலிருந்து அரை மணி நேரம் தள்ளி ஒரு ஊர். மகளிர் குழுக் கட்டடத்தின் வாசலில், எங்கள் மாணவர்கள் செய்த சாமை உடைக்கும் மெஷின் முதன்முறையாகச் சிக்கலில்லாமல் ஓடி நின்றிருந்தது. மலையேற்றிக் கொண்டுவந்து ஓடவும் வைத்துவிட்டோம் என்று நாங்கள் எல்லாரும் பூரித்து நின்ற நேரத்தில்தான் அந்த அக்கா இதைக் கேட்டார். துணிப்பையில் நாலு கிலோ சாமை கொண்டுவந்திருந்தார். அவருக்கு முன்னால் வேறொருவர் சாமை அதே மெஷினில் ஓடியிருந்தது.

மெக்கானிக்கல் பையன் பதில் தெரியாமல் என்னைப் பார்த்தான். பிறகு ஸ்பேனரை எடுத்து உறையைக் கழற்றினான். உள்ளே மூலைகளிலும், தானியத்தைச் சுழற்றி வீசும் இம்பெல்லருக்கு அடியிலும், அரிசி இறங்கும் வாயின் மடிப்பிலும் சாமை தேங்கிக் கிடந்தது. கையால் வழித்து எடுத்துத் தராசில் வைத்தோம். 420 கிராம்.

“எங்க வீட்டுல இது ஒரு வேளைச் சோறு” என்றார் அக்கா. கோபமாகச் சொல்லவில்லை. விவரம் தெரியாத பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் குரலில் சொன்னார்.

நான் 17 வருடமாக மெக்கானிக்கல் துறையில் பாடம் நடத்துகிறேன். மெஷின் டிசைன் பாடத்தில் தாங்கும் சுமை, வேகம், திறன், ஆயுள் எல்லாவற்றுக்கும் சூத்திரம் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். ஒருவருடைய தானியம் இன்னொருவருடையதோடு கலக்கக் கூடாது என்பதை ஒரு வடிவமைப்பு நிபந்தனையாக ஒரு நாளும் கரும்பலகையில் எழுதியதில்லை.

இறுதியாண்டு புராஜெக்ட் எப்படி நடக்கும் என்பது நம் ஊரில் பொறியியல் படித்த எல்லாருக்கும் தெரியும். புராஜெக்ட் சென்டரில் தலைப்புப் பட்டியலை நீட்டுவார்கள். பேஸ் பேப்பர் என்ற மூல ஆய்வுக் கட்டுரை, கோடு என்ற மென்பொருள் நிரல், ரிப்போர்ட், பி.பி.டி. எல்லாம் சேர்த்து ஒரு விலை. ஹார்டுவேர் என்றால் உதிரிபாகக் கிட்டும் கூடவே வரும். வைவா என்ற வாய்மொழித் தேர்வு முடிந்த மறுநாள் அந்த மாடல் லேப் மூலைக்குப் போகும், இரண்டு வருடம் கழித்துப் பழைய இரும்புக்குப் போகும். இதற்காகப் பிள்ளைகளைக் குறை சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. யாருமே காத்திருக்காத ஒரு பொருளை நாலு மாதம் உட்கார்ந்து செய் என்றால் எந்த மனிதனுக்கும் கை ஓடாது. காத்திருக்கும் ஒரு ஆளைக் காட்டிவிட வேண்டும் என்பதுதான் என் ஆசையாக இருந்தது. அதனால்தான் 2018 ஜூலையில் ஐந்து பேரைச் சேர்த்தேன். மெக்கானிக்கலில் இரண்டு பையன்கள், ட்ரிபிள் ஈ என்ற மின்னியல் துறையில் ஒரு பெண், ஃபுட் டெக் என்ற உணவுத் தொழில்நுட்பத்தில் ஒரு பெண், கம்ப்யூட்டர் சயின்ஸில் ஒரு பையன். அந்தந்தத் துறைத் தலைவர்களிடம் தனித்தனியாகப் போய்க் கேட்டு வாங்க வேண்டியிருந்தது. அந்த அலைச்சலை எழுதினால் அது வேறு பதிவாகிவிடும்.

மலையடிவாரக் காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவு. முதல் பயணத்தில் பாதிப் பேருக்கு வாந்தி. மேலே போய்ச் சேர்ந்தபோது ஒரு வீட்டு வாசலில் இரண்டு பெண்கள் உரலில் சாமை குத்திக்கொண்டிருந்தார்கள். உலக்கை மாற்றி மாற்றி விழும், நடுவில் ஒருவர் முறத்தில் அள்ளிப் புடைப்பார், உமி பறக்கும், உடையாத மணி மறுபடி உரலுக்குப் போகும். மூன்று கிலோ முடிய ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. சாமையின் உமி அப்படி ஒட்டிக்கொண்டிருக்கும். மணியோ மிகப் பொடி. ஆயிரம் மணி எடுத்து நிறுத்தாலும் இரண்டு, இரண்டரை கிராம்தான் தேறும். நெல்லுக்கு இருக்கும் ரப்பர் உருளை மில்லில் போட்டால் பாதி உடையாமலே நழுவிப் போய்விடும். மலையில் சிறுதானியம் குறைந்து மரவள்ளி பெருகியதற்கு விலை ஒரு காரணம் என்றால், இந்த உலக்கை இன்னொரு காரணம். விதைக்க மனம் இருந்தாலும் குத்த உடம்பு வேண்டுமே. இங்கே மில் வைக்கும் முயற்சியும் புதிதல்ல. எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் பெண்கள் குழுக்களோடு சேர்ந்து கொல்லிமலைச் சிறுதானியங்களுக்காகப் பல வருடம் உழைத்திருக்கிறது. எங்கள் பிள்ளைகள் அந்தப் பாதையில் பின்னால் வந்தவர்கள்.

இறங்கும்போது பஸ்ஸில் ஆளுக்கு ஒன்று பேசிக்கொண்டு வந்தார்கள். மெக்கானிக்கல் பையன்களுக்கு இம்பெல்லரின் வேகம். ட்ரிபிள் ஈ பெண்ணுக்கு மோட்டார். ஃபுட் டெக் பெண்ணுக்குத் தவிடு எவ்வளவு மிஞ்சும், சத்து எவ்வளவு போகும் என்ற கவலை. கம்ப்யூட்டர் சயின்ஸ் பையன் ஒரு ஆப் செய்யலாம் என்றான். உரல் ஒன்றுதான். ஐந்து பேரும் ஐந்து உரலைப் பார்த்துவிட்டு இறங்கினார்கள்.

மெஷினின் தத்துவம் எளிது. சுழலும் இம்பெல்லர் தானியத்தைச் சுற்றுச்சுவரில் வீசி அடிக்கும். அடியில் உமி பிளக்கும். பிளோயர் உமியை ஊதித் தள்ளும், அரிசி கீழே இறங்கும். வேகம் குறைந்தால் உமி பிளக்காது, கூடினால் அரிசி குருணையாகிவிடும். கல்லூரி ஒர்க்‌ஷாப்பில் வேகத்தைக் கூட்டிக் குறைத்து, நிமிடத்துக்கு 3,600 சுற்று என்று ஒரு நல்ல இடத்தைக் கண்டுபிடித்தார்கள். பத்துக்கு ஆறு அரிசி, குருணை மிகக் குறைவு. மெக்கானிக்கல் வேலை முடிந்தது என்று நானும் நினைத்தேன்.

முடியவில்லை. சோதனைக்கு நாங்கள் வாங்கியது நாமக்கல் கடைச் சாமை. மாதக்கணக்கில் மூட்டையில் கிடந்து ஒரே சீராக உலர்ந்தது. மலைச் சாமை பாறையில் காய்ந்தது. ஒரு வீட்டில் மூன்று வெயில், இன்னொரு வீட்டில் ஒன்றரை வெயில். ஈரம் கூடினால் உமி வளைந்து கொடுக்கும், பிளக்காது. குறைந்தால் அரிசியே நொறுங்கும். அப்படியானால் 3,600 என்ற எண்ணுக்கு அர்த்தமே இல்லை. எந்தக் காய்ச்சல் பதத்தில் 3,600 என்று கேட்டால்தான் அது எண். அந்தக் கேள்வியைக் கேட்டவள் ஃபுட் டெக் பெண். அதோடு விடவில்லை. மலையில் ஈரம் பார்க்கும் மீட்டர் கிடையாது. பெண்கள் நாலு மணியை எடுத்துப் பல்லில் கடித்துப் பார்ப்பார்கள். டக்கென்று உடைந்தால் பதம், நசுங்கினால் இன்னொரு வெயில். இவள் மூன்று பயணம் மெனக்கெட்டு, ஒவ்வொரு வீட்டிலும் ‘பதம்’ என்று சொன்ன சாமையைப் பொட்டலம் கட்டிக் கொண்டுவந்து ஓவனில் வைத்து அளந்தாள். பெரும்பாலும் 11 சதவீதத்தை ஒட்டியே வந்தது. அந்தப் பல்லுக்கு முன்னால் எங்கள் மீட்டர் தலைகுனிய வேண்டியதுதான். அன்றிலிருந்து குழுவின் குறிப்பேட்டில் ‘கடித்துப் பார்க்கவும்’ என்பதே முறையான சோதனை.

காய்ச்சல் வீட்டுக்கு வீடு மாறும் என்றால் வேகமும் மாற வேண்டும். அதற்கு ட்ரிபிள் ஈ பெண்ணிடம் பதில் இருந்தது. வி.எஃப்.டி. என்ற மின்கருவியை வைத்தால் ஒரு குமிழைத் திருப்பி வேகத்தை மாற்றிக்கொள்ளலாம். கல்லூரியில் அழகாக ஓடியது. மலையில் ஒரு சாயங்காலம் பிளக்கைச் செருகியதும் லோ வோல்டேஜ் என்று காட்டி அது அணைந்துவிட்டது. மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தால் 168 வோல்ட். லைனின் கடைசிக் கம்பத்தில் இருக்கிற ஊர் அது. சரி, வி.எஃப்.டி. வேண்டாம், சாதாரண சிங்கிள் ஃபேஸ் மோட்டாரே போதும் என்று மாற்றினோம். அது முனகியது, சுற்றவில்லை. 230 இருக்க வேண்டிய இடத்தில் 168 என்றால் ஏதோ கால்வாசிதான் குறைந்திருக்கிறது என்று தோன்றும். மோட்டாரின் முறுக்குவிசையோ வோல்டேஜின் இருமடியைப் பொறுத்தது. கணக்குப் போட்டால் கிட்டத்தட்டப் பாதி போய்விடுகிறது. இதைத் தேர்வில் அவள் எத்தனையோ முறை எழுதியிருக்கிறாள். கண்டன்சர் சூடேறி நாற்றம் அடித்தபோதுதான் அது தனக்குப் புரிந்தது என்று பிறகு சொன்னாள்.

அதற்குத் தீர்வு சொன்னது மெக்கானிக்கல் பக்கம். தானியம் விழும் வாயில் ஒரு ஷட்டர். அதை மூடிவைத்து வெறும் இம்பெல்லரை முதலில் சுற்றவிடுவது. வேகம் பிடித்த பிறகு ஷட்டரைத் திறப்பது. வேகத்தை மாற்றப் படிப்படியான புல்லி, பெல்ட்டை ஒரு படி தள்ளிப் போட்டால் போதும். எந்தச் சைக்கிள் கடைக்காரரும் பார்த்த மாத்திரத்தில் புரிந்துகொள்வார்.

தானியம் கொட்டும் ஹாப்பரின் உயரத்தையும் சொல்லிவிடுகிறேன். தரையிலிருந்து ஐந்தேகால் அடி வைத்திருந்தார்கள். வரைந்தவனின் உயரம் ஐந்தே முக்கால். அங்கே சாமை கொட்டப்போகும் யாருக்கும் அது தலைக்கு மேல். அடுத்த பயணத்தில் ஆங்கிளை அறுத்து ஒன்றரை அடி இறக்கினோம்.

இப்படி எல்லாம் முடித்துத்தான் பிப்ரவரியில் அந்த வாசலில் நின்றோம். அங்கேதான் அந்தக் கேள்வி.

அன்று இரவு யாரும் தூங்கவில்லை. ஆப் செய்யலாம் என்று சொன்ன கம்ப்யூட்டர் சயின்ஸ் பையன், அங்கே சிக்னலே சரியாக இல்லை என்று தெரிந்த பிறகு ஒரு நூறு பக்க நோட்டை எடுத்து எழுதிக்கொண்டிருந்தான். யார் வந்தார், எத்தனை மணிக்கு, எத்தனை கிலோ, அப்போது வோல்டேஜ் எவ்வளவு. முதலில் எனக்கே அது ஒப்புக்குச் செய்கிற வேலையாகத் தெரிந்தது. அன்று இரவு அந்த நோட்டுதான் எங்களுக்கு வழிகாட்டியது. அதில் இருந்தவை இரண்டே விஷயம். ஒன்று, யாரும் மூட்டை கொண்டுவருவதில்லை. மூன்று கிலோ, நாலு கிலோ, அதிகம் போனால் ஏழு. இரண்டு வாரத்துச் சாப்பாட்டுக்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு. இரண்டு, காலை பத்திலிருந்து மூன்று வரை வோல்டேஜ் 200-க்கு மேல் நிற்கிறது, இருட்டிய பிறகு விழுந்துவிடுகிறது. ஆனால் பெண்கள் வருவது இருட்டிய பிறகுதான். பகலில் காட்டு வேலை.

அவன் அந்த இரண்டையும் எதிரெதிரே வைத்து வாசித்தபோது முடிச்சு ஒவ்வொன்றாக அவிழ்ந்தது. வோல்டேஜ் இருக்கும் பகலில்தான் ஓட்ட முடியும். பகலில் அவர்கள் இருக்க மாட்டார்கள். அப்படியானால் காலையில் சாமையைக் குழுக் கட்டடத்தில் வைத்துவிட்டுப் போய், மாலையில் அரிசியாக எடுத்துப்போக வேண்டும். கண்ணெதிரே ஓடாத மெஷினில் தன் சாமையை நம்பி வைக்க வேண்டும் என்றால், உள்ளே போனது அத்தனையும் வெளியே வந்தாக வேண்டும். 420 கிராம் தங்குகிற மெஷினை நம்பி யாரும் பையை வைத்துவிட்டுப் போக மாட்டார்கள். மின்சாரத்தில் தொடங்கிய சிக்கல் நேரத்துக்குப் போய், நேரத்திலிருந்து நம்பிக்கைக்குப் போய், நம்பிக்கையிலிருந்து தகரத்தின் மூலை மடிப்புக்கு வந்து நின்றது. இதில் எந்த இடத்தில் ஒரு துறை முடிந்து இன்னொரு துறை தொடங்குகிறது என்று என்னால் கோடு போட முடியவில்லை.

பல்துறைக் குழு என்று நாம் சொல்வது, நாலு துறைப் பிள்ளைகளை ஒரு மேசையில் உட்காரவைத்து வேலையைப் பங்கு போடுவது அல்ல என்று அன்று எனக்குத் தெளிவாயிற்று. பங்கு போட்டால் ஐந்து பேரும் அவரவர் பங்கைச் சரியாகவே செய்துவிடுவார்கள், மெஷின் மட்டும் யாருக்கும் உதவாது. ஒருவருடைய விடை அடுத்தவருக்குக் கேள்வியாக வந்து விழ வேண்டும், அதை அவர் தட்டிக்கழிக்காமல் வாங்கிக்கொள்ள வேண்டும். அதற்குப் பிள்ளைகளை நல்ல முறையில் நெருக்குவது ஆசிரியர் இல்லை. வேண்டாம் என்று சொல்லும் உரிமை உள்ள ஒரு ஆள், வெளியே இருக்க வேண்டும்.

இது நம் மலையில் மட்டும் நடப்பதல்ல. 2007-இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஒரு வகுப்பு. எடை குறைவாகப் பிறந்த குழந்தைகளுக்கான இன்குபேட்டரை மிகக் குறைந்த விலையில் செய்ய வேண்டும் என்பது வேலை. மேலாண்மை, மின்பொறியியல், கணினி அறிவியல் என்று வெவ்வேறு துறை மாணவர்கள் குழுவில் இருந்தார்கள். கணினி அறிவியல் மாணவர் நேபாளத்துக்குப் போய்ப் பார்த்தால் நகரத்து மருத்துவமனையில் இன்குபேட்டர்கள் காலியாகக் கிடக்கின்றன. குழந்தைகள் பிறப்பது மலைக் கிராமத்தில், மருத்துவமனை வரை வந்து சேர்வதற்குள் உயிர் போய்விடுகிறது. மலிவான இன்குபேட்டர் என்ற கேள்வியே அங்கே மாறிப்போனது. மெழுகு போன்ற ஒரு பொருளை உருக்கி நிரப்பிய பையைச் செருகி, குழந்தையைச் சுற்றி வைக்கும் சிறு படுக்கைப் பையாக அது உருமாறியது. மின்சாரம் இல்லாமலே மணிக்கணக்கில் 37 டிகிரி சூடு தாங்கும். எம்ப்ரேஸ் என்ற பெயரில் பிறகு இந்தியாவுக்கும் வந்தது. என் மனதில் தைத்தது அதற்கு அடுத்த கட்டம். மகாராஷ்டிரத்தில் ஒரு தாயிடம், சூட்டைக் காட்டும் பட்டையில் 37 வரும்வரை சூடாக்க வேண்டும் என்று விளக்கியபோது, ஆங்கில மருந்து வீரியம் அதிகம், டாக்டர் ஒரு கரண்டி என்றால் நாங்கள் அரைக் கரண்டிதான் கொடுப்போம், இதையும் அதனால் 30-இல் நிறுத்திவிடுவேன் என்றாராம். எண் போடுவதையே விட்டுவிட்டு, சூடு போதும், போதாது என்று மட்டும் காட்டும்படி மாற்றினார்கள். பிள்ளையின் நன்மைக்காகவே ஒரு தாய் சூட்டைக் குறைப்பாள் என்பதை எந்தத் துறையின் பாடத்திட்டம் சொல்லித்தரும்?

மெஷினுக்கு வருகிறேன். அடுத்த ஐந்து வாரத்தில் உட்பகுதி முழுவதையும் மாற்றினார்கள். மூலைகளை வளைத்தார்கள். தகரத்தின் சரிவைச் செங்குத்தாக்கினார்கள். பக்கவாட்டில் கையால் திருகும் நட்டோடு ஒரு கதவு, அதன் பக்கத்தில் கயிற்றில் தொங்கும் ஒரு பிரஷ். உள்ளறை சிறுத்தது. மணிக்கு 80 கிலோ ஓடியது 25 கிலோவாகக் குறைந்தது. தங்குவதும் 420 கிராமிலிருந்து 30 கிராமுக்கு வந்தது.

கல்லூரியில் புராஜெக்டை மதிப்பிடும் மூன்றாவது ரிவ்யூவில் ஆசிரியர்கள் கேட்டார்கள்: “ஃபர்ஸ்ட் ரிவ்யூல மணிக்கு 80 கிலோன்னு போட்டிருக்கீங்க. இப்ப 25-ங்கிறீங்க. புராஜெக்ட் பின்னாடி போகுதே?”

இங்கே எனக்குள்ள வருத்தத்தை மறைக்க விரும்பவில்லை. ஐந்து பேருக்கும் நாலு துறையின் ரிவ்யூ. மெக்கானிக்கலில் அனாலிசிஸ் எங்கே என்றார்கள். ஃபுட் டெக்கில், இயந்திரப் படம் எதற்கு, சத்து அட்டவணையைக் காட்டு என்றார்கள். கம்ப்யூட்டர் சயின்ஸில் அவன் நோட்டைப் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை, கோடு இல்லாமல் என்ன புராஜெக்ட் என்று கேட்டார்கள். அவன் கடைசி மூன்று வாரம், அந்த நோட்டை வைத்து ஒரு மென்பொருளை அவசரமாகச் செய்து காட்டித் தப்பித்தான். அந்த மென்பொருளை மலையில் யாரும் தொட்டதில்லை. ஐந்து ரிப்போர்ட் ஐந்து தலைப்பில் போக வேண்டும் என்பது விதி. களத்தைப் பற்றிய அத்தியாயத்தை ஐந்து பேரும் சேர்ந்தே எழுதியிருந்தார்கள். ஒப்புமை பார்க்கும் மென்பொருள் அதைக் காப்பி என்று காட்டியது. சேர்ந்து வேலை செய்ததற்கான ஒரே எழுத்துச் சான்று அந்த அத்தியாயம்தான். அதைத்தான் ஆளுக்கு ஒரு விதமாக மாற்றி எழுதச் சொன்னார்கள். ஒரு பெண் அழுதுகொண்டே இரவெல்லாம் தட்டச்சு செய்தாள்.

நோக்கம் இல்லாமல் இல்லை. பொறியியல் படிப்புகளை நாடுகள் ஒன்றுக்கொன்று ஏற்றுக்கொள்ளும் வாஷிங்டன் ஒப்பந்தத்தில் 2014 ஜூனில் இந்தியா முழு உறுப்பினராயிற்று. அந்த ஒப்பந்தத்துக்கு ஏற்ப என்.பி.ஏ. என்ற தேசிய அங்கீகார வாரியம் அப்போது வகுத்திருந்த 12 பட்டதாரிப் பண்புகளில் ஒன்பதாவது, பலதரப்பட்ட குழுக்களிலும் பல்துறைச் சூழலிலும் திறம்படச் செயல்படுவது. ஒவ்வொரு பாடமும் எந்தப் பண்பை எவ்வளவு வளர்க்கிறது என்று காட்டும் சி.ஓ.-பி.ஓ. மேப்பிங் அட்டவணை போட்டு அந்தக் கட்டத்தில் 2 அல்லது 3 என்று நிரப்பாத ஆசிரியர் தமிழ்நாட்டில் இருக்க மாட்டார். நானும் நிரப்பியிருக்கிறேன். அந்தக் கட்டத்துக்கு உயிர் வேண்டுமென்றால் துறைகள் சேர்ந்து உட்காரும் ஒரே ரிவ்யூ வேண்டும், கூட்டாக எழுதிய ஒரே ரிப்போர்ட் வேண்டும், அந்த நோட்டுக்கும் மதிப்பெண் வேண்டும். இவற்றில் எதற்கும் பெரிய செலவு கிடையாது.

மே மாதம் பிள்ளைகள் வேலைக்குப் போய்விட்டார்கள். ஜூலையில் அக்காவிடமிருந்து போன். மெஷினில் கரகரவென்று சத்தம், நிறுத்திவிட்டோம் என்றார். பேரிங்குக்குள் உமித்தூள் போயிருந்தது. கோவையில் ஒருவன், பெங்களூரில் ஒருவன், சென்னையில் இரண்டு பேர், மேற்படிப்புக்குப் போய்விட்டவள் ஒருத்தி. புது மாணவர்களைக் கேட்டால் தயக்கம். போன வருடத் தலைப்பை இந்த வருடம் எடுக்கக் கூடாது என்பது எங்கள் துறை வழக்கம்.

கற்றுக்கொள்பவர் மாறிக்கொண்டே இருப்பார், வேலை தொடர வேண்டும். இந்த இரண்டையும் இணைக்க ஒரு வழியை அமெரிக்காவில் பர்டியூ பல்கலைக்கழகத்தில் எட்வர்டு காயலும் லியா ஜேமிசனும் 1995-இல் தொடங்கினார்கள். எபிக்ஸ் என்று பெயர். அங்கே புராஜெக்ட் மாணவருடையது அல்ல, அந்த வட்டாரத்தில் உள்ள சேவை அமைப்போடு செய்துகொண்ட உறவுக்குரியது. முதலாண்டிலிருந்து இறுதியாண்டு வரை எல்லா ஆண்டினரும் ஒரே குழுவில் இருப்பார்கள். மூத்தவர் போகும்போது குழு கலையாது, இளையவர் மூத்தவர் ஆவார். ஒரு பருவத்தில் முடியாத வேலை அடுத்த பருவத்துக்குப் போகும், அதற்கு மதிப்பெண்ணும் உண்டு. 2005-இல் அமெரிக்கத் தேசியப் பொறியியல் அகாடமி இதற்காக கார்டன் பரிசு கொடுத்தது. காயல் பிறகு இதே நெடுக்குவாட்டுக் குழுக்களை ஆராய்ச்சிக்கும் விரித்தார், ஜார்ஜியா டெக்குக்குப் போன பிறகும் அதைத் தொடர்ந்தார். இதைப் படித்த அன்று எனக்கு வந்தது பொறாமை அல்ல, நிம்மதி. நான் பட்ட சிரமத்தை யாரோ முன்பே பட்டு வழி கண்டிருக்கிறார்கள்.

நம்மிடம் இருப்பவற்றை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். 2017-இல் தொடங்கிய மாணவர்களுக்கான அரசுப் போட்டியான ஸ்மார்ட் இந்தியா ஹேக்கத்தானில், ஆறு பேர் குழுவில் ஒரு பெண்ணாவது இருக்க வேண்டும் என்ற விதி எங்கள் கல்லூரியில் எத்தனையோ பெண்களை மேடையேற்றியது. 36 மணி நேரம் தூங்காமல் வேலை செய்த பிள்ளைகளின் கண்ணில் உள்ள ஒளியை நான் பார்த்திருக்கிறேன். ஆனால் சாமைக்கு ஒரு விதைப்பு, ஒரு அறுவடை, ஒரு மழைக்காலம் வேண்டும். பேரிங் தேய ஆறு மாதம் வேண்டும். அதை 36 மணி நேரத்தில் அடைக்க முடியாது.

அதனால் அந்த ஆகஸ்டில் வேறு மாதிரி செய்தேன். இறுதியாண்டில் இரண்டு பேர், மூன்றாமாண்டில் இரண்டு பேர், இரண்டாமாண்டில் ஒரு பெண். கீழ் வகுப்புப் பிள்ளைகளுக்கு மதிப்பெண் எதுவும் இல்லை, அது என்னால் முடியவில்லை. பழைய குழுவின் நோட்டைக் கையில் கொடுத்தேன். தலைப்பை ‘தூசு புகாத பேரிங் அமைப்பு’ என்று மாற்றி எழுதினோம். 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது மெஷின் பாதி பிரித்த நிலையில் மலையில் நின்றது. வைவா ஆன்லைனில் நடந்தது. யாரும் ஏற முடியாத அந்த மாதங்களில், செம்மேட்டுப் பக்கம் மோட்டாருக்குக் காயில் கட்டும் ஒருவரை அக்காவே கூட்டிவந்திருக்கிறார். அவர் சைக்கிள் டியூபை அறுத்து பேரிங்குக்கு ஒரு மறைப்பு கட்டியிருந்தார். நாங்கள் வரைந்துவைத்திருந்த சீல் அமைப்பைவிட அது நன்றாக உழைத்தது. அடுத்த வரைபடத்தில் அதையே சேர்த்தோம். வாரத்துக்கு ஒருமுறை போனில், எந்தப் பக்கம் சூடாகிறது, எப்படிச் சத்தம் வருகிறது என்று அந்த இரண்டாமாண்டுப் பெண் அவரிடம் கேட்டு எழுதிக்கொண்டாள்.

2022 ஏப்ரலில் கடைசியாகப் போனேன். அந்தப் பெண் இப்போது இறுதியாண்டு. அவளோடு இரண்டு முதலாமாண்டுப் பிள்ளைகள். அக்கா ஒரு நோட்டை எடுத்து வந்தார். பெயர், போட்ட கிலோ, வந்த கிலோ, அதற்கு அடுத்து ‘தங்கினது’ என்று ஒரு பத்தி. கதவைத் திறந்து பிரஷால் வழித்ததைத் தராசில் வைத்து அவரே எழுதுகிறார், வழித்ததை உரியவர் பையிலேயே போட்டுவிடுகிறார். அந்தப் பத்தியை முதலில் போட்டவன் அந்தக் கம்ப்யூட்டர் சயின்ஸ் பையன். அவன் இப்போது எங்கோ வங்கி மென்பொருள் எழுதிக்கொண்டிருக்கிறான்.

முதலாமாண்டுப் பையன் பக்கங்களைப் புரட்டிக்கொண்டே வந்தவன் ஒரு இடத்தில் நின்றான்.

“அக்கா, தை மாசம் வரைக்கும் முப்பது, முப்பத்தஞ்சுன்னு இருக்கு. அப்புறம் அம்பது, எழுபதுன்னு ஏறிக்கிட்டே போகுதே?”

“ஆமா கண்ணு” என்றார் அக்கா. “அதுக்குத்தான் உங்கள வரச் சொன்னேன்.”

மூன்று பேரும் பையைக் கீழே வைத்துவிட்டுக் கதவின் நட்டைத் திருக ஆரம்பித்தார்கள்.